பறிப்புக் காலத்தில் படையெடுப்பில்லை

எங்கள் காப்பி எஸ்டேட்டில் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய கீழ் குவார்ட்டர்ஸ் காலியானபோது, அது எனக்கா ரைட்டருக்கா என்பதை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு தீர்மானிக்கட்டும் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். அப்போதே எங்கள் இருவர் மீசையிலும் நரை எட்டிப் பார்த்திருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது விடலைப் பையன்களின் கதை என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

நான் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். அவர் ரைட்டர், விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டி, யார் எந்தக் காட்டில் வேலை என்று பிரித்து அனுப்புகிறவர். என்னைவிட மூத்தவர், என்னைவிட நன்றாக உடுத்துகிறவர், தன்னைப் பற்றிப் பேச என்னைவிடக் கூச்சம் குறைந்தவர். தலைச்சோலைக்குப் போகும் மேட்டில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டாகத் தடுத்த வீட்டில், ஒரு பாதியில் அவர் குடும்பம், மறு பாதியில் நானும் என் மனைவியும். மழைக்காலத்தில் பனிமூட்டம் எங்கள் சமையலறைவரை வந்து, உலர்த்தப் போட்ட துணியை இன்னொரு முறை நனைத்துவிட்டுப் போகும்.

என் மனைவிக்கு ஏற்காடு டவுனில் டீச்சர் வேலை. கொட்டச்சேட்டிலிருந்து வரும் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் பிரேயருக்குப் போய்ச் சேர முடியும். மேட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் குடையும் கையுமாக இறங்கி, காலில் ஏறிய அட்டைகளுக்கு மூக்குப்பொடி போட்டு உதறிவிட்டு ஸ்டாப்புக்கு வந்தால், வளைவில் பஸ்ஸின் முதுகுதான் தெரியும். பலமுறை இப்படி ஆன பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் அவளைக் கூப்பிட்டு, அரைப் பரீட்சைக்கு அப்புறமும் இதே கதை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆகவே எங்களுக்குக் கீழ் குவார்ட்டர்ஸ் என்பது வீடு அல்ல, அவள் வேலை.

இதை நேராக ரைட்டரிடம் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அப்படித் தோன்றினால் நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, ‘நீங்களே பேசி ஒரு பேரைச் சொல்லுங்க’ என்று விட்டுவிட்டார். நாங்களும் பேசினோம்.

“நீங்களே எடுத்துக்குங்க தம்பி.”

“அதெப்படிங்க ரைட்டரண்ணா, நீங்க மூத்தவங்க. நீங்கதான் எடுத்துக்கணும்.”

“மூத்தவன் மேலயே இருந்துட்டுப் போறேனுங்க. மேடுதான் நமக்கு ராசி.”

“உங்களுக்கு முட்டி வலின்னு சொன்னீங்களே.”

“முட்டி என்னுங்க முட்டி. அது பாட்டுக்கு வலிச்சிட்டுப் போவுது. டீச்சரம்மா பாவம், தெனமும் எறங்கி ஏறுறாங்களே.”

“அவளுக்கு நடக்கறதுன்னா நொம்பப் பிரியங்க.”

இந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் ஊரில் ‘எனக்கு வேண்டும்’ என்று முதலில் வாய் திறப்பவன் தோற்றவன். இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து ஒரு இஞ்ச் நகரவில்லை. இந்த உபசாரத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மேனேஜர், வருஷக் கடைசிக்குள் பெயர் வராவிட்டால் அந்த வீட்டில் உரமூட்டை அடுக்கப் போவதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் ரைட்டர் என் மேஜைக்கு வந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “கோட்டையில பாத்துக்கலாமுங்களா?”

கோட்டை என்பது நாங்கள் வைத்த பெயர். பெட்டியில் அச்சிட்டிருந்த உண்மையான பெயரை ஆளுக்கொரு விதமாக உச்சரித்துப் பார்த்துக் கைவிட்டிருந்தோம்.

எஸ்டேட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது சம்பளக் கணக்குப் போட. அதற்கென்று தனி அறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், காலில் அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் உள்ளே போகலாம். ஈரம் பிடிக்காமலிருக்க மேஜைக்கடியில் ஒரு குண்டு பல்ப் எப்போதும் எரியும். கோழிக்குஞ்சு பொரிக்க வைத்த மாதிரி இருக்கும். சேலத்திலிருந்து மெஷினைப் பார்க்க வரும் மெக்கானிக் ஒரு முறை, டெஸ்ட் பண்ணுவதற்கு என்று சொல்லி ஒரு ஃப்ளாப்பியைப் போட்டுக் காட்டிவிட்டு, எடுத்துப் போக மறந்துபோனார். அல்லது மறந்த மாதிரி போனார். அதுதான் முதல் பாகம்.

கறுப்புத் திரையில் மஞ்சள் புள்ளிகள். கட்டம் என்றால் கோட்டை, சிலுவைக்குறி என்றால் ஆள், காற்புள்ளி மாதிரி இருந்தால் மரம். ஆளை உழ வைக்கலாம், தானியம் சேர்க்கலாம், உழுகிறவன் கையில் கத்தியைக் கொடுத்துப் பக்கத்துக் கோட்டையைப் பிடிக்க அனுப்பலாம். அவ்வளவுதான் ராஜாங்கம். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். திரையின் மேல் ஓரத்தில் மாதத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்; ஆட்டத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. காலண்டர் மாட்டிய சுவர் போல, சும்மா அழகுக்கு.

ரைட்டர் முதல் முறை ஆடியபோது பாதி தேசத்தைப் பிடித்துவிட்டார். கடைசிக் கோட்டை வாசலில் படை நிற்கிறது. திடீரென்று கையை எடுத்துவிட்டார்.

“தம்பி, டிசம்பர் வந்திருச்சுங்க.”

“வந்தா என்னங்க?”

“பறிப்பு நேரமுங்களே. இப்பப் போயி ஆளையெல்லாம் சண்டைக்கு அனுப்புனா பழத்த ஆரு பறிப்பா? செடியிலயே கருகிப் போயிருமுங்க.”

“அது கோதுமையோ என்னவோங்க ரைட்டரண்ணா. காப்பி இல்ல.”

“எதா இருந்தா என்னுங்க. டிசம்பர் டிசம்பர்தானுங்களே.”

வாசல்வரை போன படையைத் திரும்ப அழைத்து, கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, எல்லோரையும் காட்டுக்கு அனுப்பினார். காப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டிராத கம்ப்யூட்டர் ராஜா பின்னாலேயே வந்து அவருடைய தலைநகரத்தை எரித்துவிட்டான். ரைட்டர் கோபப்படவில்லை. “ஆளு சரியில்லீங்க,” என்றார், வேலைக்கு வந்த புது மேஸ்திரியைப் பற்றிச் சொல்வது போல. “பறிப்பு நேரம்னுகூடப் பாக்க மாட்டேங்கறான்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் நாங்கள் இருவரும் எதிரெதிராக ஆட ஆரம்பித்தபோது, திரையில் டிசம்பர் என்று பார்த்ததும் எனக்கும் அவர்மேல் படை அனுப்பக் கை வரவில்லை. கணக்கு எழுதுகிறவனாக இருந்தாலும் நானும் எஸ்டேட்காரன்தானே. தீபாவளி கழிந்து பறிப்பு தொடங்கியதிலிருந்து தை பிறக்கும்வரை ஒருவர்மேல் ஒருவர் படையெடுப்பதில்லை என்பது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எங்களுக்குள் சட்டமாகிவிட்டது.

இரண்டாம் பாகம் வர சில வருடங்கள் ஆயின. அதற்கு ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்றார் மெக்கானிக். சம்பளக் கணக்கு மிகவும் மெதுவாக நகர்கிறது என்று நாங்கள் மேனேஜரிடம் வருத்தப்பட்டோம். அவர் நல்ல மனிதர், வாங்கிக் கொடுத்தார். இப்போது நிறம் வந்துவிட்டது. கூடவே பருவமும் வந்துவிட்டது. ஆனால் அது செய்தவன் ஊர்ப் பருவம். செப்டம்பரில் அறுவடை, டிசம்பரில் திரை முழுக்க வெள்ளை. பனியில் வெளியே நிற்கும் படை சாப்பாடில்லாமல் செத்துப்போகும். களஞ்சியம் கட்டாவிட்டால் தானியம் புழுத்துவிடும்.

நியாயப்படி எங்கள் சட்டத்தைச் செப்டம்பருக்கு மாற்ற வேண்டும் என்றேன் நான். ரைட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. “அவீங்க ஊர்ல எப்ப வேணா அறுத்துக்கட்டுமுங்க. நம்மளுக்கு டிசம்பர்தான்.”

விளைவு என்னவென்றால், கம்ப்யூட்டர் ராஜாக்கள் டிசம்பரில் வீராப்பாகக் கிளம்பிப் பனியில் அழிந்தார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வீட்டில் குந்தியிருந்த நாங்கள் இருவர் மட்டும் கொழுத்தோம்.

“பாத்தீங்களா,” என்றார் ரைட்டர். “போன தடவ நாம பட்ட பாட்டப் பாத்துட்டு மாத்தியிருக்காங்க.”

இதற்கு நான் ஒரு சித்தாந்தமே வைத்திருந்தேன். நாலு சரித்திரப் புத்தகம் படித்தவனிடம் அது இல்லாமல் போகுமா? ஒரு ராஜ்ஜியம் எப்படி வளருமோ அப்படியே இந்த விளையாட்டும் பாகம் பாகமாக வளர்கிறது: முதலில் கத்தி, அப்புறம் களஞ்சியம், அப்புறம் வேறு ஏதோ நுட்பமான ஒன்று. ரைட்டரிடம் சொன்னேன், “ஓஹோ” என்றார். மனைவியிடம் விளக்கினேன். அவள் கணுக்காலிலிருந்து ஒரு அட்டையைப் பிய்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, “அப்ப மூணாம் பாகத்துல பஸ் விடுவாங்களாங்க?” என்றாள்.

மூன்றாம் பாகம் வந்ததும் கீழ் குவார்ட்டர்ஸ் காலியானதும் ஒரே தீபாவளிச் சமயத்தில். அதற்கு மவுஸும் கூடுதல் மெமரியும் தேவைப்பட்டன. சம்பளக் கணக்குக்கும் அதே தேவை இருப்பதை நாங்கள் தற்செயலாகக் கண்டுபிடித்தோம். மவுஸ் வழுக்காமல் ஓட, காப்பிச் சாக்கில் ஒரு துண்டு வெட்டி விரித்தோம். இப்போது ஒவ்வொரு கிராமத்துக்குக் கீழும் ஒரு முகம்: சந்தோஷமாக இருந்தால் சிரிக்கும், இல்லாவிட்டால் உம்மென்று இருக்கும். மூலையில் ஒரு தராசு, அது உங்கள் பெயர். சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் தட்டு உயரும், மீறினாலோ, யாரிடமும் சொல்லாமல் காலிக் கோட்டைக்குள் புகுந்தாலோ இறங்கும். குடை போன்ற தொப்பியுடன் ஒரு தூதனும் இருந்தான். அவனைத் தொட்டால் எந்த ராஜாவிடமும் போய்ப் பேசிவிட்டு வருவான். ஆனால் நம் முறை அதோடு தீர்ந்துவிடும், வேறெதுவும் செய்ய முடியாது. நான் அவனை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. பேச்சே இல்லாத முதல் பாகத்தில் ஆடிப் பழகியவன் நான்; ஒரு முறையைப் பேச்சில் வீணடிப்பது எனக்குக் கோழைத்தனம். பலவீனத்தை எதிரிக்குக் காட்டக் கூடாது என்பதும் அங்கே கற்றதுதான். என் மனைவிக்கு நடை பிரியம் என்று ரைட்டரிடம் அளந்ததன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

ஆபீஸ் மூடியதும் ஆடினோம். ஒருவர் ஆடும்போது மற்றவர் திரையைப் பார்க்கக் கூடாது. அவர் ஜன்னல் வழியே சில்வர் ஓக் மரத்தைப் பார்ப்பார். நான் சுவரில் மாட்டிய எஸ்டேட் வரைபடத்தைப் பார்ப்பேன். அன்றன்றைய நிலவரத்தை வீட்டில் ஒப்பிக்க வேண்டும். நாளுக்கு நாள் ஒப்பிக்கும் குரல் சிறுத்துக்கொண்டே போனது. மலையில் நிஜமான பறிப்பு மும்முரமானபோது, திரையில் தேசம் முக்கால்வாசி ரைட்டருடையது. என்னிடம் ஒரு கோட்டையும், உம்மென்ற முகத்தோடு சில கிராமங்களும் மிச்சம்.

அந்த நிலையில்தான் திரையில் டிசம்பர் வந்தது. ரைட்டர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. தலைநகரப் படையைக் கலைத்துக் காட்டுக்கு அனுப்பினார், கோட்டை வாசலைத் திறந்துபோட்டார், நாற்காலியை எனக்கு விட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை; ஆனால் பறிப்புக் காலத்தில் ஞாயிறு ஏது? பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் ஓடிக்கொண்டிருந்தது. எடை போடும் இடத்தில் ஏதோ தகராறு என்று இருவரையும் கூப்பிட்டார்கள். எனக்குக் காப்பி கொண்டுவந்திருந்த மனைவியைக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்க, அவரு கோட்டையில ஒருத்தருமே இல்ல. வாசலும் தெறந்து கெடந்துச்சு. உள்ள போயிட்டேன்.”

“பறிப்பு நேரம்மா அது.”

“வெளிய இருக்கறவங்களுக்குச் சரி. பொட்டிக்குள்ள இருக்கறவங்க என்னத்தப் பறிக்கறாங்க?”

எதிரியின் தலைநகரத்தில் என் கொடி பறந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வெட்கம் வந்தது என்று எழுத ஆசைதான்.

ரைட்டர் வாசலில் செருப்பைக் கழற்றினார், காலைப் பார்த்துக்கொண்டார், உள்ளே வந்து திரையைப் பார்த்தார்.

“டீச்சரம்மா வெளாண்டாங்களா?”

“ஆமாங்க.”

“நல்லா வெளாண்டிருக்காங்க,” என்றார். உட்கார்ந்து, தன் முறைக்கு ஏதோ களஞ்சியத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

என் முறை வந்தபோது புரிந்தது. தராசில் என் தட்டு தரையைத் தொட்டிருந்தது. அக்கம்பக்கத்து ராஜாக்கள் அத்தனை பேரும் எனக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். என் கிராமத்து முகங்கள் உம்மிலிருந்து அழுகைக்குப் போயிருந்தன. சின்னச் சின்ன மனிதர்கள் மூட்டை முடிச்சோடு என் எல்லையைக் கடந்து ரைட்டரின் காடுகளுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். பிடித்த தலைநகரத்திலும் வேலை செய்ய ஆளில்லை. எல்லோரும்தான் பறிக்கப் போய்விட்டார்களே. முதல் பாகமாக இருந்திருந்தால் அந்த மதியமே நான் சக்கரவர்த்தி. மூன்றாம் பாகத்தில் நான், பெரிய காலிக் கோட்டை ஒன்றின் வாட்ச்மேன். இன்னும் சில முறைகள் ஆடினோம். ரைட்டர் ஒரு கத்தியைக்கூட எடுக்கவில்லை. என் கடைசி கிராமமும் தானாக அவர் பக்கம் போய்ச் சேர்ந்தது.

“மூணாம் பாகமுங்க தம்பி,” என்றார் ரைட்டர், இரக்கத்தோடு.

கீழ் குவார்ட்டர்ஸ் போயிற்று. அதோடு என்ன போகிறது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் வரைபடத்தைப் பார்த்தேன். மனைவி திரையைப் பார்த்தாள்.

“இந்தக் கொடையாட்டந் தொப்பி போட்டவன் ஆருங்க?”

“தூதன்.”

“எதுக்கு இவன்?”

“எதிரி ராஜாகிட்டப் போய்ப் பேசறதுக்கு.”

“நீங்க ஒரு தடவையாவது அனுப்புனீங்களா?”

“இல்ல.”

ஃப்ளாஸ்க்கை மூடினாள். செருப்பை மாட்டினாள். எங்களுக்கு முன்னால் தனியாக மேட்டில் ஏறிப் போனாள்.

மிச்ச எடையை முடித்துவிட்டு நாங்கள் மேலே போனபோது, ரைட்டரின் பாதி வீட்டிலிருந்து இரண்டு பெண்களின் சிரிப்புச் சத்தம். அவர் மனைவியும் என் மனைவியும் முறத்தை நடுவில் வைத்துக்கொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். ரைட்டரின் மனைவி அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில், எங்கள் இருவர் தராசும் சேர்ந்தே இறங்கியது.

“ஏனுங்க, டீச்சரம்மாவுக்கு நேரத்துக்குப் போகாட்டி வேலையே போயிருமாமா. உங்களுக்குத் தெரியுங்களா?”

ரைட்டர் என்னைப் பார்த்தார். “நடக்கறதுன்னா நொம்பப் பிரியம்னு சொன்னீங்களே தம்பி?”

“அவரு சொன்னத விடுங்க. உங்க முட்டி வலி என்ன ஆச்சு?” என்றார் அந்த அம்மா. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “முட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த வண்டிய நனையாம நிறுத்தோணும், அதுக்குத்தான் இவருக்குக் கீழ ஊடு.”

ரைட்டரிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் உண்டு. பாசி பிடித்த எங்கள் மேட்டில் அது ஏறாது. ஸ்டாப் டீக்கடை ஓரம் சாக்குப் போர்த்தி நிறுத்தியிருப்பார். குரங்குகள் சீட்டைக் கிழித்து உள்ளேயிருந்த பஞ்சைச் சில்வர் ஓக் உச்சிவரை கொண்டுபோயிருந்தன. அது அவர் மனதை எவ்வளவு அறுத்தது என்பதை அவர் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. முதல் பாகத்தைத் தாண்டாதவன் நான் மட்டுமல்ல என்று தெரிந்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

“எனக்கு இந்த மேட்ட உட்டு எறங்கவே இஷ்டமில்ல,” என்று தொடர்ந்தார் அந்த அம்மா. “என்ற கோழி இங்க இருக்குது, சௌசௌப் பந்தல் இங்க இருக்குது. வண்டிக்குத்தானே கூரை வேணும்? வண்டி கீழ இருந்துக்கட்டும், நீங்க மேல இருங்க.”

“டீச்சரம்மா ஊட்டுல வண்டிய நிறுத்தறதுங்களா?” ரைட்டர் தயங்கினார்.

“முன்ரூமுல நிறுத்திக்குங்க அண்ணா. எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல,” என்றாள் என் மனைவி.

எனக்குத் தொந்தரவு இருந்தது. அந்த முன்ரூமைத்தான் நான் மனதுக்குள் நூலகமாக்கி வைத்திருந்தேன். எந்த ஜன்னலோரம் சாய்வு நாற்காலி, எந்தச் சுவரில் அலமாரி என்பதுவரை முடிவாகியிருந்தது. ஆனால் ஒப்பந்தம் பேசும் இடத்தில் தோற்ற ராஜாவுக்குக் குரல் கிடையாது. நான் முறத்திலிருந்து ஒரு காயை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

பொங்கல் கழித்து இறங்கினோம். எங்கள் சாமான் வரும் முன்பே ஸ்கூட்டர் உள்ளே வந்துவிட்டது. அலமாரியும் வந்தது; ஸ்கூட்டருக்கும் சுவருக்கும் இடையில் ஒருக்களித்து நின்று புத்தகம் எடுக்கலாம். சாய்வு நாற்காலி வரவில்லை. தைத்துச் சரிசெய்த ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து, ஹாண்டிலில் சாய்த்து வைத்து நான் படித்து முடித்த புத்தகங்கள் ஏராளம். இன்றும் என் பழைய புத்தகங்களில் எதைப் பிரித்தாலும் பெட்ரோல் வாசம் வரும்.

தினமும் காலையில் ரைட்டர் டார்ச்சோடு இறங்கி வருவார். “எந்திரிச்சுட்டீங்களா தம்பி?” என்று போர்வைக்குள் இருக்கும் என்னைக் கேட்டபடியே வண்டியைச் சாய்த்து உதைப்பார். பனிக்காலத்தில் அது சுலபத்தில் உயிர்பிடிக்காது. அந்த நாட்களில் வெள்ளக்கடைப் பக்கச் சரிவுவரை நான் பின்னாலிருந்து தள்ள வேண்டும். மனைவி தலை பின்னி, பூ வைத்து, ஸ்டாப்பில் சாவகாசமாக நின்றுகொண்டு, போகும் எங்களைப் பார்த்து, “மெதுவாத் தள்ளுங்க, பஸ் வர இன்னும் நேரமிருக்குது,” என்பாள். அரைப் பரீட்சைக்கு அப்புறம் ஹெட்மிஸ்ட்ரஸ் அவளைக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவைதான்; சேலையில் ஏன் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ மணக்கிறது என்று கேட்பதற்காக.

ஆட்டத்தை நாங்கள் விடவில்லை. மறுபடி ஒரு சாயங்காலம், திரையில் டிசம்பர். பழைய களங்கத்தைத் துடைக்கும் உத்தேசத்தோடு நான் என் படையைக் கலைத்தேன், ஆட்களைக் காட்டுக்கு அனுப்பினேன், கோட்டை வாசலை அகலத் திறந்துவைத்தேன். எழுந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரைட்டர் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தபோது என் தலைநகரத்தில் அவர் கொடி.

“ரைட்டரண்ணா, பறிப்பு நேரமுங்களே.”

“ஆமாங்க தம்பி. அதனாலதான் உள்ள ஆருமே இல்ல.”

“உங்க பேரு கெட்டுப் போயிருமே. தராசப் பாருங்க.”

பார்த்தோம். தட்டு அசையவே இல்லை.

“போன முறையே தூது அனுப்பிட்டேனுங்க,” என்றார் ரைட்டர். “மத்த எல்லா ராஜாகிட்டயும் சமாதானமாப் பேசி, கையெழுத்தும் வாங்கிட்டேன். டீச்சரம்மாகிட்டக் கத்துக்கிட்டதுதான்.”

மெஷினை அணைத்தோம். மேஜைக்கடியில் குண்டு பல்ப் மட்டும் எரிந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை விரித்து மேட்டில் ஏறப் போனவர் நின்று திரும்பினார்.

“காத்தால வண்டிய எடுக்கச் சீக்கிரமே வந்துருவேனுங்க தம்பி,” என்றார். “கதவ மட்டும் தெறந்து வெச்சிருங்க.”